மருத்துவ ஆவணக் காப்பும் நோயாளியின் அந்தரங்கமும்

மருத்துவமனையில் நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் மருத்துவரைச் சொல்வர். கணினியோடு வளர்ந்த தலைமுறையினர் கடவுச்சொல்லைச் சொல்வர். நோயாளி வீடு திரும்பியதும் அவருடைய கேஸ் ஷீட்டை வார்டிலிருந்து பெற்று, பக்கங்களையும் கையொப்பங்களையும் சரிபார்த்து, நோய்க்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி குறியீடு இட்டு, அடுக்கி வைத்து, பின்னர் கேட்டு வருபவர்க்குக் கொடுக்கவோ மறுக்கவோ செய்யும் மருத்துவ ஆவணப் பிரிவு யார் நினைவுக்கும் வருவதில்லை. பழைய கோப்புகளை ஸ்கேன் செய்தாயிற்று, எனவே எம்.ஆர்.டி. எனப்படும் இப்பிரிவுக்கு இனித் தேர்ந்த ஆள் தேவையில்லை, ஒப்பந்தத்தில் வரும் டேட்டா என்ட்ரி ஊழியர்களே போதும் என்று இன்று பல நிர்வாகங்கள் முடிவெடுக்கின்றன. ஒரு தொழிலின் உள்ளே என்ன நடக்கிறது என்று பாராமல் எடுக்கப்படும் இம்முடிவின் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

ஆவண அறையில் அந்தரங்கக் காப்பு அடுக்கும் முறையிலேயே தொடங்குகிறது. நோயாளிக்கு முதல் வருகையில் வழங்கப்படும் ஒரே எண் அவருடைய எல்லா வருகைகளுக்கும் நிலைத்திருக்கும். இறுதி இலக்க அடுக்குமுறையில் அவ்வெண்ணை இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்து வலமிருந்து இடமாகப் படிப்பர். 12-34-56 என்ற கோப்பு, நூறு பிரிவுகளுள் 56-ஆம் பிரிவில், 34-ஆம் கட்டில், 12-ஆவதாக நிற்கும். அடுத்தடுத்த நாட்களில் சேர்ந்தவர்களின் கோப்புகள் இதனால் அறை முழுவதும் பரவிவிடுவதாலும், கோப்பின் முதுகில் பெயர் இராததாலும், ஊரையும் பெயரையும் மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே நுழைபவர் எதையும் எடுக்க இயலாது. பெயரையும் எண்ணையும் இணைக்கும் முதன்மை அட்டவணை வேறிடத்தில் பூட்டப்பட்டிருக்கும். அடுக்கிலிருந்து ஒரு கோப்பு வெளியே போகும்போது அவ்விடத்தில் செருகப்படும் டிரேசர் அட்டையில் எண், எடுத்தவர், நாள், காரணம் ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும். இவற்றுள் காரணம் என்ற கட்டமே முக்கியமானது. ‘பார்ப்பதற்கு’ என்று எழுதி வந்த சீட்டை, அனுப்பியவர் துறைத் தலைவரே ஆனாலும், பழைய ஆவண அலுவலர்கள் திருப்பி அனுப்பினர். மறு ஆய்வு, மறு சேர்க்கை, நீதிமன்றச் சாட்சியம், ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சி என்று காரணம் பெயரோடு வந்தால்தான் கோப்பு நகரும். இன்றைய மென்பொருளும் திறந்தவர் பெயரைப் பதிவு செய்யும். ஆனால் வார்டு முழுவதற்கும் ஒரே லாகின் கொடுத்து, அதன் கடவுச்சொல்லை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வைக்கும் இடங்களில், அப்பதிவால் எவரையும் அடையாளம் காண முடிவதில்லை. எதற்காகத் திறந்தீர்கள் என்று மென்பொருள் கேட்பதும் அரிது.

சட்டம் இத்தொழிலுக்கு எதிராக இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில் நடத்தை விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. அதே விதிகள், நீதிபதியின் ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவை தவிர்ந்த நிலைகளில் நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடலாகாது என்கின்றன. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-இல் நடுவண் சுகாதார அமைச்சகம் மக்கள் கருத்துக்காக வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளுள் ஆவணங்களைப் பெறும் உரிமையும், இரகசியமும் அந்தரங்கமும் காக்கப்படும் உரிமையும் இடம்பெற்றன. இவ்வளவு இருந்தும் நடைமுறை தலைகீழாக இருக்கிறது. தம் கோப்பின் நகலைக் கேட்கும் நோயாளியிடம் ‘உங்களுக்கு எதற்கு?’ என்று கேட்டு, வழக்குப் போடப் போகிறாரோ என்ற ஐயத்தில் நாட்கணக்கில் அலைக்கழிக்கும் அதே மருத்துவமனையில், மூன்றாம் ஆள் ஒருவர் தொலைபேசியில் கேட்டாலே நோயின் பெயர் சொல்லப்பட்டுவிடுகிறது.

இத்தொழிலில் எத்தனை காலம் இருந்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டென்றால் அது உறவினர்தாம். காவல்துறை எழுத்து மூலம் கேட்கும், நீதிமன்றம் சம்மன் அனுப்பும், காப்பீட்டு நிறுவனம் நோயாளி ஒப்பமிட்ட படிவத்தைக் காட்டும். அவர்களிடம் காகிதம் இருப்பதால் அதைச் சரிபார்த்தால் வேலை முடிந்தது. உறவினரிடம் காகிதம் இராது. ஆனால் ஆம்புலன்சை அழைத்தவர், அட்வான்ஸ் கட்டியவர், இரத்தத்துக்கு அலைந்தவர், ஐ.சி.யு. வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அவர்தாம். “நான் கூடப்பொறந்த அண்ணன்ங்க, எனக்கே சொல்லக் கூடாதா?” என்று அவர் கவுண்டரில் கேட்கும்போது, “அவங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா இன்னைக்கே நகல் தரேன்ங்க” என்ற மறுமொழி எவ்வளவு பணிவாகச் சொல்லப்பட்டாலும் அவமதிப்பாகவே அவர் காதில் விழும். அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அவர் நிர்வாக அலுவலரின் அறையில் இருப்பார். மனிதாபிமானம் இல்லாதவர் என்ற பெயர் ஆவண ஊழியருக்குக் கிடைக்கும்.

எனினும் கவுண்டருக்கு அப்பால் நிற்பவரின் முகத்தைப் பார்த்து அவருடைய நோக்கத்தை எவராலும் அறிய முடியாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தம்பி கையெழுத்திட்ட நாளில் அவருக்குச் சித்தத் தெளிவு இருந்ததா என்று நிறுவுவதற்காகவும் அண்ணன் கோப்பைக் கேட்பதுண்டு. மனைவி மனநலப் பிரிவில் சிகிச்சை பெற்றதை மணவிலக்கு வழக்கில் காட்டுவதற்காகக் கணவன் கேட்பதுண்டு. சம்பந்தம் பேசும் வீட்டார் தெரிந்த ஊழியர் வழியாக விசாரிப்பதுண்டு. உண்மையான கவலையோடு வருபவர்களும் இவர்களைப் போலவே பேசுவதால், உறவின் நெருக்கத்தை அளவுகோலாகக் கொள்ளாமல் நோயாளியின் ஒப்புதலை மட்டுமே அளவுகோலாகக் கொள்வது இத்தொழிலின் முதல் பாடமாயிற்று. நினைவிழந்தவர், சிறுவர், இறந்தவர் ஆகியோருக்கு மட்டுமே பாதுகாவலர், சட்டப்படியான வாரிசு என்ற கேள்வி எழுகிறது.

உறவினர் சிக்கலுக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தார் மருத்துவரைத் தனியே அழைத்து, ‘அவரிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்று கேட்டுக்கொள்வது தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அன்றாட நிகழ்ச்சி. பயாப்சி அறிக்கை மகனின் பையில் இருக்கும், தந்தைக்கு ‘கட்டி’ என்பதற்கு மேல் தெரியாது. அத்தந்தை ஒரு நாள் தனியே வந்து தம் கோப்பைக் கேட்பார். அவருக்கு அதைப் பெறும் முழு உரிமை உண்டு. எனினும் கவுண்டரில் நின்றபடி அச்சொல்லை முதன்முதலாகப் படிக்க விடுவதும் முறையன்று. தேர்ந்த ஆவண அலுவலர் மறுக்கமாட்டார், பொய்யும் சொல்லமாட்டார். விண்ணப்பத்தைப் பெற்று நேரத்தைக் குறித்து ஒப்புகை கொடுத்து, சிகிச்சையளித்த மருத்துவரிடம் பேசி, அவர் நோயாளியோடு உட்கார்ந்து விளக்கும் வேளையிலேயே நகல் கைக்குச் சேரும்படி 72 மணி நேரத்துக்குள் ஏற்பாடு செய்வார். இது எந்தச் செயல்முறைக் கையேட்டிலிருந்தும் வந்த அறிவன்று. மூத்தவர் பக்கத்தில் இருந்து பழகிக் கற்க வேண்டியது.

உறவு, திருமணம், இரகசியம் ஆகிய மூன்றும் மோதிய வழக்கு, இரத்த தானத்தின்போது எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்ட ஒருவரின் திருமணம் நின்றுபோனதைத் தொடர்ந்து எழுந்தது. சட்ட நூல்கள் அதை ‘மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிடல் இசட்’ என்று வழங்குகின்றன. 1998-இல் உச்ச நீதிமன்றம், இரகசியம் காக்கும் கடமை எல்லையற்றதன்று, மணக்கவிருந்த பெண்ணின் உடல்நலமும் காக்கப்பட வேண்டும் என்றது. திருமண உரிமையைப் பற்றி அத்தீர்ப்பு கூறிய கருத்துகள் தேவையற்றவை என்று 2002-இல் 3 நீதிபதிகள் அமர்வு விலக்கியது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் இதற்கு ஒழுங்கு வகுத்தது. துணைவருக்குத் தொற்றும் ஆபத்து இருந்து, ஆலோசனைக்குப் பின்னும் நோயாளி தாமே தெரிவிக்கமாட்டார் என்று தெளிந்தால், தெரிவிக்கப்போவதை நோயாளிக்குச் சொன்ன பிறகு, மருத்துவரோ ஆலோசகரோ நேரில் துணைவருக்கு மட்டும் அறிவிக்கலாம். அண்ணனோ மாமனாரோ அச்சட்டப் பிரிவில் இல்லை.

எழுதுவதைவிட எழுதாமலிருப்பது கடினம் என்பதைக் கருக்கலைப்புப் பதிவேடு காட்டும். 2003-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பெண்ணின் பெயர் அதற்கென உள்ள சேர்க்கைப் பதிவேட்டில் மட்டுமே இருக்கலாம். கேஸ் ஷீட், அறுவை அரங்கப் பதிவேடு, தொடர் சிகிச்சை அட்டை ஆகிய அனைத்திலும் வரிசை எண் மட்டுமே வரவேண்டும். ஒப்புதல் படிவம் உறையிலிட்டு முத்திரையிட்டு, ‘இரகசியம்’ என்று எழுதிப் பாதுகாக்கப்பட வேண்டும். 2021-ஆம் ஆண்டுத் திருத்தம், சட்டத்தால் அதிகாரம் பெற்றவருக்கன்றி வேறெவருக்கும் பெயரைத் தெரிவிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அரங்கப் பதிவேட்டில் பழக்க தோஷத்தால் பெயரை எழுதிவிடும் புதிய செவிலியரை உடனே நிறுத்தித் திருத்தும் ஆள் இருந்தால்தான் அவ்விதி உயிரோடு இருக்கும்.

இப்போது தரம் சரிந்துவருவதை மறைப்பதில் பயனில்லை. ஸ்கேன் படங்களும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் பெயரும் வயதும் தெரிய வாட்ஸ்ஆப் குழுக்களில் பகிரப்படுகின்றன. கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் நோயின் பெயர் எழுதப்படுகிறது. புறநோயாளர் கூடத்தில் நோயாளியை நோயின் பெயரால் கூவி அழைக்கின்றனர். பழைய கேஸ் ஷீட்டுகள் கிழிக்கப்படாமல் எடைக்குப் போகின்றன. கணினி இவற்றைத் தானே தீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கு, 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, ஏறத்தாழ இரண்டு வாரம் கையால் எழுதிப் பணியாற்ற நேர்ந்தது தக்க விடையாகும். 2021-இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ஆபா எண் கொடுத்து ஆவணங்களை இணைக்கிறது. இணைப்பு பெருகும்போது ஓரிடத்தில் நேரும் கவனக்குறைவின் வீச்சும் பெருகும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. ஆனால் அபராதம் என்பது தகவல் வெளியேறிய பிறகு வருவது. வெளியேறிய தகவலை எந்தத் தொகையாலும் திரும்பப் பெற முடியாது.

துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரத் தகவல் மேலாண்மையையும் ஒரு தொழிலாக ஏற்றுப் பட்டியலிட்டுவிட்டது. நாடாளுமன்றம் ஏற்றதை மருத்துவமனை நிர்வாகங்களும் ஏற்க வேண்டும். ஆவணப் பிரிவில் பயிற்சி பெற்றவர்களை அமர்த்தி, காரணம் கேட்கும் அதிகாரத்தை அவர்களுக்கு எழுத்தில் தந்து, அதைப் பயன்படுத்தியதற்காக அவர்களைக் கண்டிக்காமல் இருக்க வேண்டும். நோயாளிகளும் தம் ஆவணங்களின் நகலைத் தயங்காமல் எழுதிக் கேட்டு, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மற்றொருவரின் கோப்பைக் கேட்கும்போது கையெழுத்து கேட்கப்பட்டால் சினம் கொள்ளலாகாது, ஏனெனில் நாளை அவர்களுடைய கோப்பைக் காக்கப் போவதும் அதே கேள்விதான்.