மத்தளைக்கு எத்தனை நிமிடம்?

தோஹாவுக்குப் பயணமாக இருந்த மகன், பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை நீட்டினான்.

"வாப்பா, கட்டுநாயக்கவிலிருந்து மத்தளைக்கு ஆகாய வழியில ஏறக்குறைய 170 கிலோமீற்றர்தான். ஜெட் விமானத்துக்குக் கால் மணித்தியாலம் போதும்."

வகுத்துப் பார்த்தால் சரிதான். ஆனால் மணிக்கு 800 கிலோமீற்றர் என்பது உயரத்துக்குப் போன பிறகு எட்டும் வேகம். இத்தனை குறுகிய தூரத்தில் ஏறி முடிவதற்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஓடுபாதைக்கு நேராகத் திரும்புவது, தரையில் உருண்டு போவது எல்லாம் சேர்ந்தால் முக்கால் மணித்தியாலமாவது பிடிக்கும். இந்தக் கணக்கை நான் பல முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

2014இல் நானும் தோஹாவில்தான் வேலை பார்த்தேன். ஒரு பின்னிரவில் நானாவின் அழைப்பு வந்தது. பதுளையில் அப்போது சுபஹு நேரம்.

"உம்மா மவுத்தாகிட்டா, தம்பி. நீ எத்தன மணிக்கு வந்து சேருவாய்?"

கையில் கிடைத்த காகிதத்தில் கணக்குப் போட்டேன். காலை விமானத்தில் இடம் கிடைத்தால் கட்டுநாயக்கவுக்கு ஐந்து மணித்தியாலம். அங்கிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல, அப்புத்தளை, பண்டாரவளை என்று மலையேறிப் பதுளைக்கு வர எட்டு மணித்தியாலம். கடலைத் தாண்டுவதைவிட மலையைத் தாண்டுவது நீளமாக இருந்தது.

"நடுச்சாமம் ஆகும், நானா" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி" என்று வைத்துவிட்டார்.

அஸருக்குப் பிறகு அடக்கினார்கள். அந்த நேரம் எனது விமானம் கட்டுநாயக்கவில் இறங்கிக்கொண்டிருந்தது. உம்மா இருந்த மண்ணைத் தொட்டுவிட்டேன். உம்மாவிடம் போய்ச் சேரத்தான் இன்னும் எட்டு மணித்தியாலம் இருந்தது. நள்ளிரவு கடந்து மையவாடிக்குப் போனபோது டோர்ச் வெளிச்சத்தில் ஈர மண் மட்டுமே தெரிந்தது.

மத்தள விமான நிலையம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டிருந்தது. பதுளையிலிருந்து நேர்கோட்டில் 80 கிலோமீற்றருக்கும் குறைவு. தனமல்வில, வெல்லவாய, எல்ல வழியாக வந்தால் மூன்று மணித்தியாலப் பாதை. கட்டுநாயக்கவிலிருந்து அங்கே ஸ்ரீலங்கன் விமானங்களும் பறந்தன. இணைப்பு விமானம் வாய்க்குமா என்று விசாரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. 2015 ஜனவரியில் அந்தச் சேவையும் நின்றுபோனது. வாய்த்திருந்தால் இஷாவுக்கு வந்திருப்பேனா என்று எத்தனையோ இரவுகள் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்கள் கழித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது நானா திடீரென்று சொன்னார்:

"அண்டைக்கு நீ மணிக்கணக்குத்தானே சொன்னாய். உம்மாவப் பார்க்கணும், கொஞ்சம் பொறுங்க என்று ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பொறுத்திருப்பேன்."

மையித்தைத் தாமதிக்கக் கூடாது என்றுதான் நான் கேட்கவில்லை. கேட்காததால், எனக்கு அவ்வளவு அவசரமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு விமான நிலையங்களுக்கிடையிலான தூரத்தை நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். தூரம் அந்த ஒரு நிமிடத் தொலைபேசிப் பேச்சிலும் இருந்திருக்கிறது.

மகன் இன்னும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மகன், உனக்கும் ஒரு நாள் அப்படியொரு அழைப்பு வரும். அப்ப எத்தன மணித்தியாலம் என்று சொல்லாத. வாறேன் என்று முதல்ல சொல்லு. மத்ததை இங்க இருக்கிறவங்க யோசிச்சுக்கொள்ளட்டும்."

அவன் பதில் சொல்லவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டுப் பெட்டியை மூடினான்.