யானை தெரியாத யானைமலை

மதுரையைப் படம் பிடிப்பதைக் காட்டிலும் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். தெற்குக் கோபுரத்தை நோக்கிக் கருவியை நீட்டினால் போதும். மற்றதை அக்காலத்துச் சிற்பிகள் பார்த்துக் கொள்வார்கள்! அத்தகைய படங்கள் நம்மிடத்திலும் நூற்றுக் கணக்கில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நமக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் உறவினர்கள் அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், அது போதாதா?

ஆயினும், நூற்று அறுபது வருஷங்களுக்கு மேற்பட்ட பழைய படம் ஒன்றின் நகல் நம் கைக்கு வந்த நாள் முதல், படம் எடுப்பதென்பது வேறொரு காரியமாகிவிட்டது. அது யானைமலையின் படம். எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர். எடுத்த காலம் 1858-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்.

யானைமலையை அறியாத மதுரைக்காரர் இல்லை. ஊருக்கு வடகிழக்கே, ஒத்தக்கடைப் பக்கம், வயல்வெளியில் தும்பிக்கையை நீட்டிப் படுத்துவிட்ட யானையைப் போலக் கிடக்கும் ஒற்றைப் பாறை அது. சமணர் ஏவிய யானையைச் சிவபெருமான் அம்பெய்து கல்லாக்கினார் என்று திருவிளையாடற் புராணம் கூறும். படம் எடுக்கப் போகிறவன் என்ன செய்வான்? யானை எந்தப் பக்கத்திலிருந்து யானையாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கத்தில் போய் நிற்பான். டிரைப்போ மலையின் கோடிக்குப் போய் நின்று ஒரு படம் எடுத்தார். நீளமெல்லாம் ஒடுங்கி மறைந்துவிடும் இடம் அது. துதிக்கையும் இல்லை, மத்தகமும் இல்லை. சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் வெறும் கல்! "யானையை மறந்துவிட்டு மலையைப் பாருங்கள்" என்று சொல்லுவது போல் இருக்கிறது அந்தப் படம்.

இந்த மனிதர் யார்? 1822-ல் இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்து, இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்தபோது படக்கலையைக் கற்றுக்கொண்டார். 1854-ன் இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம் பிடித்தார். 1855-ல் பர்மிய மன்னரிடம் அனுப்பப்பட்ட தூதுக் குழுவோடு சென்று அந்நாட்டுக் காட்சிகளை எடுத்து வந்தார். பிறகு சென்னை அரசாங்கம் அவரைத் தன் படக்காரராக நியமித்தது. 1857-ன் இறுதியில் புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி வந்தார். வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து கம்பெனி ஆட்சி ஆட்டங் கண்டிருந்த வேளை அது. தெற்கே அதே கம்பெனியின் காப்டன் ஒருவர், மறைந்து போவதற்குள் கட்டடங்களைப் படத்தில் பிடித்துவிட வேண்டும் என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அலைந்திருக்கிறார். சரித்திரத்தில் இப்படியும் சில விசித்திரங்கள் உண்டு.

அந்தச் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று நடைமுறையில் இல்லை. பதினைந்து அங்குலப் படம் வேண்டுமானால் பதினைந்து அங்குல மூலப் படமே எடுக்க வேண்டும். அதற்கேற்ற பெட்டி வேண்டும். கண்ணாடித் தகட்டில் எடுப்பதானால், மருந்து பூசிய ஈரம் உலர்வதற்குள் படத்தை எடுத்து, கழுவியும் முடித்துவிட வேண்டும். மதுரை வெயிலில் ஈரம் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதை நேயர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே டிரைப் பெரும்பாலும் காகிதத்தையே நம்பினார். காகிதத்தில் மெழுகை ஏற்றினால் அது ஒளி புகும்படி ஆகிவிடும். மருந்தேற்றி முன்கூட்டியே தயார் செய்தும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காகிதத்தில் உருவம் பதிவதற்கு நிமிஷக் கணக்கில் ஆகும். அதுவரையில் பெட்டியின் அருகே சும்மா நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு சங்கடம் ஆகாயம். அக்காலத்து மருந்துக்கு நீல நிறம் அளவுக்கு மீறித் தென்படும். பச்சை நிறம் சரியாகத் தென்படாது. ஆகையால் வானம் வெறுமையாகவும் மரங்கள் கரிக்குவியலாகவும் விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமோ? மூலக் காகிதத்தின் மேல் வர்ணத்தைத் தொட்டு மேகங்களைத் தாமே எழுதினார். இலைகளுக்கும் உருவம் கொடுத்தார். "அப்படியானால் அது மோசடியல்லவா?" என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நண்பரின் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி, அவரைக் கேளாமலே வானத்துக்கு நீலம் தீட்டிக் கொடுக்கிறது. டிரைப் தூரிகையைக் கையில் பிடித்து, தம் கண்ணறியச் செய்தார். நம் வாக்கு டிரைப்பின் பக்கமே.

மதுரையில் அவர் எடுத்த படங்கள் 1858-ல் நான்கு பகுதிகளாக வெளியாயின. மீனாட்சியம்மன் கோயிலும், திருமலை நாயக்கர் மகாலும், தெப்பக்குளமும், வைகையைக் கடக்கும் தாழ்ந்த கல்வழியும் அவற்றில் இருக்கின்றன. மகாலின் படங்களைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. பிற்பாடு கவர்னர் நேப்பியர் காலத்தில் பழுது பார்க்கப்பட்ட அந்த மாளிகை, அப்போது பாழடைந்து கிடந்தது. இன்று மாலை வேளைகளில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கும் முற்றத்துக்கு அன்று பார்வையாளர் யார் இருந்திருப்பார்கள்?

அந்த நகல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவர் நின்ற இடங்களைத் தேடி நாம் சில மாதங்கள் திரிந்தோம். சில இடங்கள் தெரிந்தன. சிலவற்றை வீடுகள் மறைத்துவிட்டன. தெப்பக்குளக் கரையில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு வயோதிக அம்மாள், நாம் படத்தையும் குளத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு, "என்ன தம்பி அது?" என்று கேட்டாள். கொடுத்தோம். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"நம்ம குளம்தான். ஆனா ஒரு ஆளைக் கூடக் காணோமே? ஊரே எங்கயும் போயிருச்சா?"

படம் பதிய நிமிஷக் கணக்கில் ஆகும், நடமாடுகிறவர்கள் அதில் விழமாட்டார்கள் என்று விளக்கினோம்.

"நிக்கச் சொன்னா நிக்க மாட்டாகளா? எங்க பாட்டனுக்குப் பாட்டன் இந்தக் கரையிலதான் இருந்திருப்பாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பாரே!"

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. டிரைப்பின் படங்களில் மனிதர்கள் மிகக் குறைவு. மருந்தின் மந்தம் பாதிக் காரணம். மீதி, அவருடைய நோக்கம். தொல்பொருள் ஆராய்ச்சியாளருக்கும் சிற்பிக்கும் சரித்திரக்காரருக்கும் பயன்பட வேண்டும் என்றே அவர் எடுத்தார். கல் பயன்படும், கல்லின் நிழலில் உட்கார்ந்திருப்பவன் பயன்படமாட்டான் போலும்! மாறாக, அந்த வெறுமையினால்தான் தூண்களின் கனமும் நிழலின் ஆழமும் நமக்கு முதன் முதலாகப் புலப்பட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. இரண்டும் உண்மை. அந்த அம்மாளின் கேள்வியும் உண்மை.

தஞ்சாவூரில் அவர் செய்தது இன்னும் பெரிய காரியம். பெரிய கோயிலின் விமானத்தை எடுத்தார். அதை யாரும் எடுப்பார்கள். அதோடு நில்லாமல், விமானத்தின் அடிப்பகுதியில் வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டுக்களை, சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து, துண்டு துண்டாக எடுத்தார். இருபத்தொரு படங்களை ஒட்டியபோது பத்தொன்பது அடிக்கு மேல் நீண்ட ஒரே சுருளாயிற்று. அழகான காட்சி என்று அதில் ஒன்றும் கிடையாது. எழுத்து, எழுத்து, எழுத்துத்தான்! அந்தக் கல்வெட்டுக்களை ஹூல்ஷ் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது 1890-களில். யானைமலையின் கோடியில் போய் நின்ற மனிதர்தான் இந்தச் சுவரோரமும் நின்றிருக்க முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது. பர்மாவில் மேகங்களுக்கு ஆசைப்பட்ட கண், தஞ்சையில் வெறும் சுவருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அங்கேயிருந்து எங்கே போயிருக்குமோ! போகவிடவில்லை. 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், அரசாங்கத்துக்குப் படக்காரர் ஒருவர் இருப்பது பெரிய ஆடம்பரம் என்று கருதினார். 1860-ல் கடை கட்டியாயிற்று. அதே 1860-ல், கல்கத்தா விதித்த வரிகளை எதிர்த்ததற்காக டிரெவெல்யனும் திரும்ப அழைக்கப்பட்டார் என்பது வேறு விஷயம். டிரைப் படைவேலைக்கே திரும்பிப் போனார்; அதன் பிறகு பெரிய அளவில் படம் எடுக்கவில்லை. 1902-ல் காலமானார். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் காட்சிசாலைகளில் அவருடைய படங்களை வரிசையாக மாட்டி வைத்து ஜனங்கள் பார்த்தார்கள். மதுரைப் படங்களும் அவற்றில் இருந்தன.

யானைமலைக்கு நாம் இப்போதும் போகிறோம். 2010-ஆம் ஆண்டு வாக்கில் அந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்து, சுற்றுக் கிராமத்தார் எதிர்த்து நின்றதை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கக்கூடும். மேலூர்ப் பக்கத்தில் சில குன்றுகளைக் கருங்கல் வியாபாரம் விழுங்கிவிட்டது. அவை எப்படி இருந்தன என்று காட்ட நம்மிடம் ஒரு படமும் கிடையாது.

ஆகவே மலையின் கோடியிலே, டிரைப் நின்றிருக்கக்கூடும் என்று தோன்றும் இடத்தில், முக்காலியை நாட்டிக்கொண்டு நிற்கிறோம். வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் குறுக்கே வருகிறாள். "போயிரட்டுமாங்க?" என்று கேட்கிறாள். "வேண்டாம் அம்மா, கொஞ்சம் நில்" என்கிறோம். ஆடுகள் நிற்பதில்லை. அவள் நிற்கிறாள்.