ஜேசிபி போன தடம்

ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு முன்னால் டெல்டா முழுக்கத் தூர்வாரும் வேலை. வாய்க்காலில் ஜேசிபி இறங்கினால் ஃபைபர் கேபிள் பழுது பார்க்கும் எங்களுக்குப் போன் வரும்: "சார், நெட் இல்லீங்க."

கேபிள் எங்கே அறுந்தது என்று கரையெல்லாம் தோண்டித் தேட முடியாது. ஃபைபரின் ஒரு முனையில் ஓடிடிஆர் என்ற அளவுக் கருவியை மாட்டி லேசர் துடிப்பை அனுப்புவோம். இழை நெடுக ஒளியில் மிகச் சிறு பங்கு சிதறித் திரும்பிக்கொண்டே இருக்கும். அறுந்த இடத்தோடு அது நின்றுபோகும். இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். 42 மைக்ரோ நொடியில் நின்றால் போகவர 8.4 கி.மீ.; வெட்டு 4.2 கி.மீ.யில்.

ஆனால் அது கேபிளின் நீளம், ரோட்டின் நீளமல்ல. சேம்பருக்குச் சேம்பர், அதாவது கேபிள் குழிதோறும், சுருட்டி வைத்த உபரியைக் கழிக்கணும். அதை எழுதிய நோட்டு தொலைந்திருந்தால் (தொலைந்துதான் இருக்கும்!) எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் அடுத்த ஊரைக் காட்டும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் கூட்டங்கூட்டமாய்ச் சாய்ந்தன. அப்படி ஒரே கேபிள் பல இடத்தில் அறுந்தால் ஓடிடிஆருக்கு முதல் வெட்டு மட்டுமே தெரியும்; அதற்கப்பால் இருட்டு. மறுமுனையிலிருந்து அளந்தால் கடைசி வெட்டு தெரியும். நடுவில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக ஒட்டி, ஒட்டி, மறுபடி அளந்துதான் பிடிக்கணும்.