பழைய டர்போ வாங்கலாமா?

சென்ற இரு வாரங்களாக என்னை அலைக்கழித்த கேள்வி ஆய்வேட்டைப் பற்றியது அன்று. 12 ஆண்டுகள் ஓடிய என் டீசல் காரின் டர்போசார்ஜர் பழுதடைந்துவிட்டது. புதியது வாங்கினால் ஒரு மாத ஆய்வு உதவித்தொகை முழுவதும் கரைந்துபோகும். சிவாஜிநகர் குஜரிக் கடைகளில் பழையது அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான், எஞ்சியிருப்பவை மூன்று. கணக்குப் பார்த்தால் பழையதே போதும். ஆனால் அம்மாவை மாதந்தோறும் சிகிச்சைக்காக விவேக் நகரிலிருந்து வேலூருக்கு அழைத்துச் செல்வது இந்தக் காரில்தான். ஒரு வழிக்கே சுமார் 200 கிலோமீட்டர். நடுவழியில் நின்றால் என்ன செய்வது?

வீணாக வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905இல் இதற்குக் காப்புரிமை கோரினார். புகை சுழற்றும் சக்கரம் ஒரு முனையில், காற்றை அழுத்தும் சக்கரம் மறுமுனையில், இரண்டையும் இணைக்கும் தண்டு நடுவில். சிறிய கார்களில் இத்தண்டு நிமிடத்திற்கு 2 லட்சம் சுற்றுகள் வரை சுழலும். அது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. எண்ணெய் சில நொடிகள் தடைப்பட்டாலும் தண்டில் காயம் விழும்; அக்காயம் அன்றே வெளியில் தெரிவதில்லை.

பழைய கார்ச் சந்தையை முன்வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையைப் பொருளியல் மாணவர்கள் அறிவார்கள். விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே விலை சரிகிறது, நல்ல பொருள் சந்தையைவிட்டு விலகுகிறது என்பது அவர் வாதம். குஜரியில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே விற்பவருக்கும் தெரியாது. அவர் வாங்கியது கழித்துப்போட்ட வண்டியை. அதன் வரலாறு தெரிந்த ஒரே ஆள், அதை ஓட்டியவர், சந்தையிலேயே இல்லை. கடைக்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த நேர்மை என்னைக் காக்காது.

எனவே பொருளையே கேட்க வேண்டும். சக்கர இதழ்களில் முறிவோ உரசலோ இருக்கிறதா? தண்டு பக்கவாட்டில் சற்றே ஆடுவது இயல்பு. எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னுமாக இழுத்தால் கைக்குத் தெரியுமளவு நகரக் கூடாது. காற்று வழியில் எண்ணெய் தேங்கியிருக்கக் கூடாது. நான் பார்த்தது இவை எல்லாவற்றிலும் தேறியது. ஆயினும் கையால் சுழற்றியதை வைத்து 2 லட்சம் சுற்றுகளுக்கு உறுதி சொல்ல முடியாது. சீல் விட்டுப்போனால் டீசல் இன்ஜின் தன் எண்ணெயையே குடித்து, சாவியை அணைத்த பின்னும் கட்டுக்கடங்காமல் ஓடும் அபாயம் உண்டு.

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் பகுதி மெக்கானிக். “சார், புதுசோ பழசோ, முதல்ல இது ஏன் செத்துச்சுன்னு பாருங்க. இல்லன்னா அடுத்ததும் அப்படியேதான் போகும்.” எண்ணெய்க் குழாயைக் கழற்றினார். பாதித் துளை கரியால் அடைந்திருந்தது. நான் இக்காரின் இரண்டாம் உரிமையாளன். அந்தக் கரி எத்தனை ஆண்டுச் சேமிப்போ! கொதிக்கும் டர்போவில் தேங்கும் எண்ணெய் கரியாகிறது; ஈஜிபுரா நெரிசலில் ஊர்ந்துவிட்டு உடனே அணைக்கும் பழக்கமும், காலம் கடந்த எண்ணெயும் அதை விரைவுபடுத்துகின்றன.

முடிவு இது. என் டர்போவின் சக்கரம் உரசியதில் காற்றுப் பக்கக் கூடு கீறிப்போயிருந்தது. அந்தக் கூட்டை மட்டும் பழையதாக வாங்கினேன். அது அசையாத வார்ப்பு, விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். தண்டும் பேரிங்கும் சீலும் அடங்கிய ‘கோர்’ பகுதி புதியது. எண்ணெய்க் குழாயும் புதியது. உலோகத் துகள் தங்காதபடி இன்டர்கூலரையும் கழுவினோம். மொத்தச் செலவு புதிய டர்போவின் விலையில் பாதியைச் சற்றே தாண்டியது.

தன் குறையைக் காட்டிக்கொடுக்கும் பாகத்தைப் பழையதாக வாங்கலாம். மறைத்துவைக்கும் பாகத்தைப் புதியதாகவே வாங்க வேண்டும். இன்ஜின் வேலை அறிந்த நண்பர்கள் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். அடுத்த வேலூர்ப் பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.