அரையிறுதிக்கு வெளியூர் ஆள் இறக்கலாமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு நாளாக நம் ஏர்வாடி குழுவில் ஓடுகிற சண்டையைப் பார்த்திருப்பீர்கள். நம் பையன்கள் டென்னிஸ் பந்துப் போட்டியில் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். மதுரையிலிருந்து ஒரு பேட்ஸ்மேன், தூத்துக்குடியிலிருந்து இன்னொரு பேட்ஸ்மேன். ஆளுக்கு 5,000 ரூபாயும் வண்டிச் செலவும் கொடுத்தால் வந்து ஆடித் தருவார்களாம். போட்டி விதிப்படி இரண்டு வெளியூர் ஆள் வரை இறக்கலாம் என்பதால் தப்பொன்றும் இல்லை. துபாய், சார்ஜா, கத்தார் என்று இருக்கிற உங்களிடம்தான் பணம் கேட்டிருக்கிறார்கள். "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று நாலைந்து பேர் தனியாகக் கேட்டீர்கள். குழுவில் பதில் எழுதினால் நடுவில் யாராவது காலை வணக்கம் படம் போட்டு விடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த இரண்டு பேட்ஸ்மேன்களும் வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்ல நம் எல்லோருக்கும் தெரிந்த சென்னை சூப்பர் கிங்ஸையே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அணிக்கு ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. 2010, 2020, 2025 மூன்று வருடமும் முதல் 7 ஆட்டத்தில் 2 வெற்றிதான். மூன்று தடவையும் பாதி வழியில் ஒரே கேள்வி: வெளியிலிருந்து ஆள் கொண்டு வருவதா, இருப்பவர்களை வைத்தே தள்ளுவதா?

2010-ல் கொண்டு வந்தார்கள். டக் போலிஞ்சர் என்ற ஆஸ்திரேலிய இடக்கை வேகப்பந்து வீச்சாளர். ஏப்ரல் 3-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ராஜஸ்தானுடன் ஆட்டம். முரளி விஜய் 127 அடித்தாரே, அந்த நாள். சென்னை 246, ராஜஸ்தான் 223. மொத்தம் 469 ரன் ஓடிய ஆட்டத்தில் போலிஞ்சர் 4 ஓவரில் 15 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். அரையிறுதியில் டெக்கான் சார்ஜர்ஸுக்கு எதிராக 13 ரன்னுக்கு 4 விக்கெட். ஏப்ரல் 25-ஆம் தேதி மும்பையை 22 ரன்னில் வென்று சென்னை முதல் கோப்பையைத் தூக்கியது. தரம்சாலாவில் இர்ஃபான் பதான் ஓவரில் தோனி அடித்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என்னைக் கேட்டால் பாதிக் கோப்பை போலிஞ்சருடையது.

பாருங்கள் சார், நீங்களே எங்கள் பக்கம் வந்துவிட்டீர்கள் என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2020-ல் ஐ.பி.எல். துபாய், அபுதாபி, சார்ஜாவில் நடந்தது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் உள்ளே போக முடியவில்லை என்று உங்களில் சிலர் புலம்பியது நினைவிருக்கிறது. அந்த வருடம், 7 ஆட்டம் முடிந்ததும், இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடாத வீரர்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். சென்னை யாரையும் வாங்கவில்லை. முந்தைய வருடம் 26 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கிய இம்ரான் தாஹிர் அப்போது தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தார். தான் ஆடியபோது மற்றவர்கள் தூக்கினார்கள், இப்போது தன் முறை என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். பெரிய மனசு. அணி ஏழாவது இடத்தில் முடிந்து முதல் தடவையாக பிளே-ஆஃப் போகாமல் திரும்பியது. எல்லோரும் திட்டினோம்.

ஆனால் கடைசி மூன்று ஆட்டத்தைக் கவனியுங்கள். பெஞ்சில் கிடந்த ருதுராஜ் கெய்க்வாட் மூன்றிலும் அரைசதம். மூன்றிலும் சென்னைக்கு வெற்றி. அடுத்த வருடம் 635 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கியதும், சென்னை கோப்பை வாங்கியதும் தெரிந்த கதை. பாதியில் பெயர் பெற்ற பேட்ஸ்மேன் ஒருவரை வாங்கிப் போட்டிருந்தால் அந்த மூன்று ஆட்டம் அந்தப் பையனுக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த 2021-லேயே இன்னொன்றும் இருக்கிறது. ராபின் உத்தப்பாவை ராஜஸ்தானிடமிருந்து வாங்கினார்கள். வாங்கியது ஜனவரியில், போட்டி தொடங்கும் முன்பே. லீக் சுற்றின் பெரும்பகுதி அவர் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். ரெய்னாவுக்குப் பதில் கடைசிக் கட்டத்தில் இறங்கி, டெல்லிக்கு எதிரான பிளே-ஆஃபில் 44 பந்தில் 63, இறுதி ஆட்டத்தில் 15 பந்தில் 31. வெளியிலிருந்து வந்தவர்தான். ஆனால் இறங்குவதற்குள் பல மாதம் அணியோடு இருந்து பழகிவிட்டவர். ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது நம் குடும்பக் குழுவில் இரண்டு மச்சான்மார் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார்கள். அதுவும் 2025 நவம்பரில், ஆட்டமில்லாத காலத்தில் நடந்தது. சரியோ தப்போ, பழகிக்கொள்ள நாள் இருந்தது. நமக்கு இருப்பது ஐந்து நாள்.

2025 பருவத்தின் நடுவில் ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் மூவரையும் காயம் பட்டவர்களுக்கு மாற்றாகக் கொண்டு வந்தார்கள். மூவரும் பேட்ஸ்மேன்கள். பெங்களூருக்கு எதிராக மாத்ரே 48 பந்தில் 94 அடித்தும் 2 ரன்னில் தோல்வி. அணிக்குக் கடைசி இடம். பிள்ளைகள் மேல் குறையில்லை. அந்த வருடத்துக் கப்பலை அவர்களால் கரை சேர்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பவுலர் தனியாக வேலை செய்கிறவர். பந்தைக் கையில் கொடுத்தால் போதும். பேட்ஸ்மேன் அப்படியில்லை. எதிரே நிற்பவன் ஓடுவானா, நிற்பானா, "வா" என்றால் வருவானா என்று தெரிய வேண்டும். நம் பையன்கள் காலிறுதியில் ஒன்று ஒன்றாக ஓடித்தான் ஜெயித்தார்கள். இரண்டு புது ஆளைப் போட்டால் இரண்டு ரன் அவுட் நிச்சயம்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டத்தில் இந்தக் கடைசி நேர வாங்கல் விற்றல் பெரிய திருவிழாவாகவே நடக்கும். அங்கே இருக்கும் நம் மாணவர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி முதலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது. பந்து வீச ஆள் தேவைப்பட்டது. 36 வயது டாயில் அலெக்சாண்டரை அட்லாண்டாவிடமிருந்து வாங்கினார்கள். அவர் 9 ஆட்டம் வென்றார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. அணி தன் பிரிவில் முதலிடம். அடுத்த சுற்றில் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டமும் தோல்வி, அணி வெளியே. அவருக்கு ஈடாகக் கொடுத்த பையனுக்கு அப்போது 20 வயது. பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். டெட்ராய்ட் இருக்கும் அதே மிச்சிகன் மாநிலத்துப் பையன், அந்த அணியையே பார்த்து வளர்ந்தவன். அட்லாண்டாவுக்கு இருபது வருடம் வீசி, 1995-ல் பட்டம் வாங்கிக் கொடுத்து, 2015-ல் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்திலும் இடம் பிடித்தான். ஓட்டை சரியானதுதான், அடைத்த ஆளும் சரியானவர்தான். கொடுத்த விலையைத்தான் அன்றைக்கு யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் விலை என்ன? இரண்டு பேர் உள்ளே வந்தால் இரண்டு பேர் வெளியே உட்கார வேண்டும். ஒருவன் ஏழாவதாக இறங்குகிறவன். பெயர் எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். இரவு வள்ளத்துக்குப் போய்விட்டு விடிந்ததும் கரையிலிருந்து நேராக மைதானத்துக்கு வருகிறவன். காலிறுதியில் எல்லைக்கோட்டில் அவன் பிடித்த கேட்சின் வீடியோவை நீங்கள்தான் கத்தாரிலிருந்து எனக்கே அனுப்பினீர்கள்.

"சார், இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் பாதிப் பேரு சவுதிக்குப் போயிருப்பான், டீமே இருக்காது" என்று ஒருவர் எழுதியிருந்தார். எதிர்த் தரப்பில் எனக்குப் பட்ட பலமான வாதம் அதுதான். இரவு வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மைதான், இந்தப் பதினோரு பேர் மறுபடி ஒன்று சேரப் போவதில்லை. அந்த ஏழாவது ஆளுக்கும் விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் போகிறான். ஊருக்காக அவன் ஆடப்போகிற கடைசி ஆட்டத்தில் மதுரைக்காரர் ஆட, அவன் தண்ணீர் தூக்குவதா? தாஹிர் தூக்கினார் என்றால் அவர் உலகக் கோப்பையே ஆடிவிட்டு வந்தவர். இவனுக்கு இருப்பது இது ஒன்றுதான்.

நம் அணிக்கு ஓட்டை எங்கே என்று யாராவது பார்த்தீர்களா? ரன் குறையவில்லை. கடைசி இரண்டு ஓவரில்தான் அள்ளிக் கொடுக்கிறோம். காலிறுதியில் வேகப்பந்துப் பையனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவன் இடம்தான் காலி. அதற்கு ஒரு பவுலரைக் கேட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டதோ இரண்டு பேட்ஸ்மேன். சிக்சர் அடித்தால்தான் வீடியோவுக்கு நன்றாக இருக்கும் போல.

வெளியே போய்ப் பவுலர் தேடும் முன், பருவம் முழுக்கப் பயிற்சியில் பந்து போட்டுக்கொண்டிருக்கும் அந்த இடக்கைப் பையனுக்கு இன்று மாலையே இரண்டு ஓவர் கொடுத்துப் பாருங்கள். கேப்டன் தம்பியிடம் பேசிவிட்டேன். "சரி சார், பார்க்கிறேன்" என்றான். வகுப்பில் வீட்டுப்பாடத்துக்கும் இதே பதில்தான் சொல்வான், ஆனாலும் நம்புகிறேன்.

பணம் அனுப்ப நினைத்தவர்கள் தாராளமாக அனுப்புங்கள். வேனுக்கும், பந்துக்கும், மதியச் சாப்பாட்டுக்கும், கணுக்கால் பிசகியவனின் மருத்துவச் செலவுக்கும் ஆகும். என் பங்கு 2,000 கொடுத்துவிட்டேன். ஆட்டம் ஞாயிறு காலை 9 மணிக்கு. முடிவை இங்கேயே எழுதுகிறேன்.