செம்மண் பிடித்து வைக்கும் மணிச்சத்து



வானூர் பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போடும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "சார், போன பட்டத்துல ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டி.ஏ.பி. போட்டும் செடி எழும்பல. இந்த முறை மூணா போடட்டுமா?" என்றார். மூட்டை 1350 ரூபாய். ஒன்பது மூட்டைக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். குத்தகைப் பணம் தனி. உங்களில் பலர் இன்னும் பயிர் செய்கிறீர்கள். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. அதில் முதல் பயிருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால்வாசிக்கும் குறைவு. மீதி எங்கே போகிறது? தழைச்சத்து போல இது தண்ணீரோடு ஓடிப்போவதில்லை. மண்ணே பிடித்து வைத்துக்கொள்கிறது.

நம் மண்ணின் சிவப்பு இரும்புத் துருவின் சிவப்பு. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பேட்டைக் கண்டால் பற்றிக்கொள்ளும். நாளாக நாளாகப் பிடி இறுகும். கரிசல் மண்ணில் சுண்ணாம்பு இதே வேலையைச் செய்கிறது. பிடிக்கும் பொருள் வேறு, பிடிக்கும் அளவும் வேறு. எனவே ஏரிக்குக் கீழே கழனி வைத்திருப்பவர் போடும் அளவைப் பார்த்து மேட்டுச் செம்மண்ணுக்காரர் போடக் கூடாது.

அதற்காக மூட்டையைக் கூட்டிக்கொண்டே போவதும் சரியல்ல. வருஷா வருஷம் டி.ஏ.பி. போட்ட நிலத்தில் மணிச்சத்து ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். மேலும் கொட்டினால் செடி துத்தநாகம் எடுப்பது குறையும். செடி எழும்பாததற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம். பரிசோதனை செய்யாமல் யாராலும் சொல்ல முடியாது.

நம் பெரியவர்கள் மல்லாட்டைக்கு நடுவே துவரை விதைத்ததை நினைத்துப் பாருங்கள். ஹைதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தில், நோரியுகி ஆயே என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் குழுவினரும் இதை ஆராய்ந்து 1990இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிடுகிறது. அது இரும்பைப் பற்றிக்கொள்ள, இரும்போடு கட்டுண்டிருந்த மணிச்சத்து விடுபடுகிறது. துவரை தானும் எடுத்துக்கொண்டு, உதிரும் இலை வழியாக அடுத்த பயிருக்கும் கொஞ்சம் விட்டுச் செல்கிறது. செம்மண்ணுக்கு என்றே அமைந்த பயிர் அது!

இனி செய்ய வேண்டியவை:

விதைப்புக்கு முன்பே மண் பரிசோதனை செய்யுங்கள். வரப்பு, மர நிழல், எருக் குவித்த இடம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் 'V' வடிவில் ஆறு அங்குலம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரை கிலோ எடுத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

மல்லாட்டைக்கு சூப்பர் பாஸ்பேட் நல்லது. மணிச்சத்து 16 சதவீதம்தான் என்றாலும் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் சேர்ந்தே வரும். அதை மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காக்க மூடி, ஒரு மாதம் நிழலில் வைத்துப் போடுங்கள். எருவில் உள்ள அமிலங்கள் இரும்பின் பிடியைத் தளர்த்தும். நிலமெங்கும் வீசாமல் விதை வரிசையை ஒட்டி இடுங்கள். உரம் எவ்வளவு மண்ணோடு கலக்கிறதோ, அவ்வளவு மண்ணும் அதைப் பிடிக்கும்.

பரிசோதனை முடிவு கையில் வந்ததும் அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்