குளத்தூரில் கண்ட வெள்ளைத் தவளை

சென்னைக்குப் பிரயாணம் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் மண்ணடியில் தங்கி, புடைவைக் கடைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பிள்ளைகளுடன் போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதைக் குளத்தூருக்கு ஒதுக்குங்கள். நகரின் வடமேற்கே ரெட்டேரிக்கு அருகில் இருக்கிறது. அலங்கார மீன் வளர்ப்பும் விற்பனையும் அங்கே பல குடும்பங்களின் ஜீவனோபாயம். கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டிகள். பொலித்தீன் பையில் தண்ணீரும் மீனும் விட்டு, ஒட்சிசன் ஏற்றி, இறப்பர் வளையத்தால் முடிச்சிடும் அந்தக் கைகளின் வேகத்தைப் பார்ப்பதற்கே போகலாம்.

அங்கே ஒரு தொட்டியில், சின்னஞ்சிறு மீன்களுக்கு நடுவே, பால் வெள்ளை நிறத்தில் சிவந்த கண்களுடன் தவளைகள் மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பெருவிரல் நுனியளவுதான்.

"மீனோடு சேர்ந்திருக்குமா, தம்பி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாது பாய். குழந்தைங்க ஆசையா வாங்குவாங்க."

"பெரிதாகிவிட்டால்?"

"ஏரியில விட்டுடுவாங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

தொட்டியில் வளர்க்கும் நீர்த்தவளைகளில் முக்கியமானவை இரண்டு. இரண்டும் ஆபிரிக்காவைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நாக்கு இல்லை. ஒன்று குள்ளத் தவளை. மத்திய ஆபிரிக்கக் காடுகளின் அசையாத, ஆழமற்ற நீர்நிலைகளில் வாழ்வது. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளராது. மற்றது தென்னாபிரிக்காவின் நகத் தவளை. குளத்தூரில் நான் பார்த்த வெள்ளை நிறத்தவை இந்த இனம். பெண் தவளை நான்கைந்து அங்குலம் வளரும். பதினைந்து வருடத்துக்கு மேலும் வாழும். வாயில் அடங்கும் எந்த மீனையும் விழுங்கிவிடும். குஞ்சாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிய முன்னங்காலைப் பாருங்கள். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. விரல்கள் தனித்தனியாக இருந்தால் நகத் தவளை.

இந்த நகத் தவளை உலகெங்கும் பரவிய கதை விசித்திரமானது. 1930ஆம் ஆண்டளவில் கேப் டவுனில் பணியாற்றிய ஹொக்பென் என்ற விஞ்ஞானியின் ஆய்விலிருந்து ஒரு பரிசோதனை பிறந்தது. கர்ப்பிணியின் சிறுநீரை இத்தவளைக்கு ஊசி மூலம் ஏற்றினால், ஒரு நாளைக்குள் அது முட்டையிட்டுவிடும்! வேறு இரசாயனப் பரிசோதனைகள் வரும்வரை பல நாட்டு வைத்தியசாலைகள் இத்தவளைகளை வரவழைத்தன. ஆய்வுகூடங்களிலிருந்தும் வீட்டுத் தொட்டிகளிலிருந்தும் தப்பியவை, கைவிடப்பட்டவை எல்லாம் இன்று சிலி, பிரான்ஸ், கலிபோர்னியா ஆகிய இடங்களின் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன. தவளை இனங்களையே அழிக்கும் ஒரு பூஞ்சண நோயை, தாம் நோயுறாமலே சுமந்து திரிவதும் இவற்றின் இயல்பு. நூறுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் வாழும் நம் நாட்டுக்கு இது விளையாட்டுக் காரியமா? பையில் ஒளித்துக் கொண்டுவரலாமென்று நினைப்பவர்கள் இதை யோசியுங்கள். சட்டமும் அதற்கு இடம் தரவில்லை.

குள்ளத் தவளையை மீனோடு வளர்க்கலாம்; ஆனால் பிழைப்பது வளர்ப்பவரின் கையில். அதற்குக் கண்பார்வை மந்தம். மோப்பம் பிடித்துத் தடவித்தான் உண்ணும். அது இரையைக் கண்டுபிடிக்குமுன் மீன்கள் முழுவதையும் தின்று தீர்த்துவிடும். வெளிப் பார்வைக்கு எல்லாம் நலம். தவளையோ சில கிழமைகளில் பட்டினியால் மெலிந்து செத்துப்போகும். ஆகவே புழு இரையை இடுக்கியால் அதன் முகத்தருகே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சிறிய, சாதுவான மீன்களே கூட்டாளிகளாக இருக்கட்டும். அது நுரையீரலால் சுவாசிப்பதால் அடிக்கடி மேலே வரும்; நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே காற்று இருக்க வேண்டும். மூடியில்லாத தொட்டியிலிருந்து வெளியே பாய்ந்து காய்ந்துவிடும். மீனுக்கு நோயென்று செம்பு கலந்த மருந்து ஊற்றினால் தவளையின் தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும், தவளை போய்விடும்.

தாய்மாருக்கு ஒன்று. 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைகளிடமிருந்து சல்மொனெல்லா கிருமி தொற்றி இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். தொட்டித் தண்ணீரை ஒருபோதும் சமையலறையில் ஊற்றாதீர்கள். தொட்டியைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் செய்யுங்கள்.

மருந்துக்காகக்கூடத் தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. அப்படியானால் பெரிதாகிவிட்ட வெள்ளைத் தவளையை என்ன செய்வது? கொல்வதற்கில்லை, குளத்தில் விடுவதற்கும் இல்லை. மீன்களைப் பிரித்தெடுத்து அதற்கென ஒரு தொட்டி வைக்கலாம், அல்லது விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். குளத்தூர்த் தம்பியிடம் இதையும் கேட்டேன்.

"கொண்டாந்தா எடுத்துக்குவேன் பாய். ஆனா யாரும் கொண்டாறதில்ல" என்றார்.